150 குதிரைத்திறன் காரை அன்றாடம் ஓட்டி மைலேஜும் எடுப்பது எப்படி?

ஃபோக்ஸ்வேகன் விர்ட்டஸ் ஜிடி போன்ற காரை வாங்கிய பலருக்கு முதல் மாதமே ஒரு சந்தேகம் வந்துவிடும். கம்பெனி லிட்டருக்கு 18.67 கிலோமீட்டர் என்றது, மீட்டரோ 9.4 காட்டுகிறது. கோளாறு காரிலா, காலிலா? பெரும்பாலும் இரண்டிலும் இல்லை. போகிற பாதையில்தான் இருக்கிறது. அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எவ்வளவு திரும்பப் பெற முடியும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

இங்கே உதாரணம் விர்ட்டஸ் ஜிடியின் 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல், ஏழு கியர் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் உள்ள தானியங்கி கியர்பாக்ஸ்). 150 பிஎஸ் (குதிரைத்திறன்), 250 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்று விசை), 45 லிட்டர் டேங்க். சென்னை மாதிரி ஊரில் காலை மாலை நெரிசலில் 8.5 முதல் 11 வரை, ஊரும் பைபாஸும் கலந்து ஓடினால் 12 முதல் 14 வரை, நான்கு வழிச் சாலையில் 16 முதல் 20 வரை கிடைத்தால் கார் நன்றாக இருக்கிறது என்று பொருள். ஐ20 என் லைன், ஸ்லாவியா 1.5 போன்றவற்றுக்கும் வழிமுறை இதேதான். எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

18.67 என்பது பொய் இல்லை. வேறு ஒரு பயணத்தின் கணக்கு, அவ்வளவுதான். ஆராய்ச்சிக்கூடத்தில் உருளைகளின் மேல் காரை நிறுத்தி, 1180 விநாடி, பத்தரை கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம் ஓட்டுகிறார்கள். அதிகபட்ச வேகம் 90. சராசரி வேகம் மணிக்கு 32 கிலோமீட்டரை ஒட்டி. ஏசி கிடையாது. பழைய மகாபலிபுரம் சாலையில் மாலை ஆறரை மணிக்கு உங்கள் சராசரி வேகம் 15 இருந்தாலே பெரிது. ஆகவே மீட்டரில் மைலேஜைப் பார்க்கும்போது பக்கத்திலேயே இருக்கும் சராசரி வேகத்தையும் பாருங்கள். இந்தக் காருக்குத் தோராயமாக, சராசரி 15 என்றால் 9 முதல் 10, 20 என்றால் 10 முதல் 11, 30 என்றால் 12 முதல் 13, 45க்கு மேல் 15 தாண்டும். உங்கள் எண் இந்த வரிசைக்குள் வந்தால் சர்வீஸ் சென்டருக்கு அலைய வேண்டியதில்லை.

முதலில் சரியாக அளக்க வேண்டும்

மீட்டர் காட்டும் மைலேஜ் பெரும்பாலும் உண்மையைவிட 3 முதல் 10 சதவீதம் அதிகமாக இருக்கும். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் திறந்திருந்த நேரத்தை வைத்துக் கணக்கிடுகிறதே தவிர, லிட்டரை யாரும் அங்கே உட்கார்ந்து அளப்பதில்லை. டேங்க் டு டேங்க் முறைதான் நம்பத்தக்கது. ஆனால் அதைத் தப்பாகச் செய்பவர்களே அதிகம். செய்ய வேண்டியது இப்படி:

1. ஒரே பங்க், முடிந்தால் ஒரே நாசில், கார் நிற்கும் தரை சமமாக இருக்க வேண்டும்.
2. நாசில் முதல் முறை 'டக்' என்று தானாக நின்றதும் போதும் என்று சொல்லிவிடுங்கள். ரூபாயை ரவுண்டு பண்ண விடாதீர்கள்.
3. ஓடோமீட்டர் எண்ணையும், பில்லில் உள்ள லிட்டரையும் இரண்டு தசமத்தோடு குறித்துக்கொள்ளுங்கள்.
4. அடுத்த முறை டேங்கில் முக்கால்வாசியாவது தீர்ந்த பிறகு நிரப்புங்கள். பத்து லிட்டர் போட்டுக் கணக்குப் பார்த்தால் பிழைதான் பெரிதாக இருக்கும்.
5. ஓடிய கிலோமீட்டரை இந்த முறை ஏறிய லிட்டரால் வகுங்கள். 12,480இல் நிரப்பி, 12,904இல் மறுபடி நிரப்பும்போது 36.20 லிட்டர் ஏறினால், 424ஐ 36.20ஆல் வகுக்க 11.71.

ஆட்டோ கட் ஒவ்வொரு முறையும் ஒரே மட்டத்தில் நிற்காது. ஒரு லிட்டர் வரை கூடும், குறையும். 36 லிட்டரில் ஒரு லிட்டர் என்பது கிட்டத்தட்ட 3 சதவீதம். ஒரு டேங்கின் கணக்கை வைத்து முடிவு கட்டாமல், நான்கு டேங்க் சேர்த்துப் பாருங்கள். சேர்க்கும்போது நான்கு மைலேஜ் எண்களைக் கூட்டி நான்கால் வகுக்கக் கூடாது. ஊருக்குள் 400 கிலோமீட்டர் 10 கொடுத்தது, நெடுஞ்சாலையில் 400 கிலோமீட்டர் 18 கொடுத்தது என்றால் சராசரி 14 ஆகாது. செலவானது 40 லிட்டரும் 22.2 லிட்டரும். 800ஐ 62.2ஆல் வகுத்தால் 12.86. மொத்தக் கிலோமீட்டர், மொத்த லிட்டர், ஒரே வகுத்தல்.

'கழுத்து வரை' நிரப்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஆட்டோ கட்டுக்குப் பிறகு திணிக்கும் பெட்ரோல், ஆவியை மட்டும் பிடிக்க வைத்திருக்கும் கரி டப்பாவுக்குள் போகும். கரி நனைந்துவிட்டால் அந்த ஆவி கட்டுப்பாடின்றி இன்ஜினுக்குள் இழுக்கப்பட்டு, நிரப்பியதும் ஸ்டார்ட் ஆகத் திணறுவது, ஐடிலில் குலுங்குவது எல்லாம் தொடங்கும். அந்த டப்பாவை மாற்றும் செலவு, நீங்கள் மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும். அதிகாலையில் போட்டால் அடர்த்தியான பெட்ரோல் அதிகம் கிடைக்கும் என்பதையும் மறந்துவிடலாம். தரைக்கடியில் புதைத்த டேங்கில் வெப்பநிலை அப்படியொன்றும் காலை மாலை மாறுவதில்லை.

நான்கு டேங்க் கணக்கு முடிந்ததும் மீட்டரோடு ஒப்பிட்டு ஒரு பெருக்கு எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் 13.2, உண்மை 12.3 என்றால் 0.93. அதன் பிறகு தினமும் பங்க் பில்லைத் தேட வேண்டாம். மீட்டர் காட்டுவதை 0.93ஆல் பெருக்கினால் போதும்.

பெட்ரோல் எங்கே போகிறது

பவர் உள்ள கார், மிதித்தால் குடிக்கத்தான் செய்யும் என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதி உண்மை. 150 பிஎஸ்ஸும் வெளியே வரும்படி முழுசாக அழுத்திப் பிடித்தால் விநாடிக்கு 12, 13 மில்லி எரியும். பத்து விநாடிக்கு 130 மில்லி, அதாவது பதின்மூன்று ரூபாய்ச் சொச்சம். ஆனால் அந்தப் பெட்ரோலில் இன்ஜின் பிரித்தெடுத்த வேலை காரின் வேகமாக மாறி உங்களிடமே இருக்கிறது. அந்த வேகத்தில் நீங்கள் தொடர்ந்து உருண்டு போனால் அது வீணில்லை. அடுத்த இருநூறு மீட்டரில் சிவப்பு சிக்னல் இருந்து பிரேக்கை மிதித்தால்தான் எல்லாம் டிஸ்க்கில் சூடாகிக் காற்றில் போகிறது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்கிற வேலை.

அதை எண்ணில் பார்க்கலாம். ஆளோடு சேர்த்து 1400 கிலோ எடையுள்ள கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் வைத்திருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 194 கிலோ ஜூல். இன்றைய ஈ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) ஒரு லிட்டரில் ஏறத்தாழ 30 மெகா ஜூல். ஊர் ஓட்டத்தில் இன்ஜின் அதில் கால்வாசியைச் சக்கரத்துக்குக் கொடுத்தால் அதிகம். ஆக, 60இலிருந்து நிற்பதற்கு ஒவ்வொரு முறையும் கொட்டுவது 26 மில்லி. 40இலிருந்து நின்றால் 11 முதல் 12 மில்லி. 80இலிருந்து நின்றால் 46 மில்லி. வேகம் இரு மடங்கானால் வீணாவது நான்கு மடங்கு. இரண்டு சிக்னலுக்கு நடுவே 80 தொட்டுவிட்டு நிற்பதுதான் இந்த மாதிரி கார்களின் மைலேஜைத் தின்னும் முதல் பழக்கம். கார் சத்தமில்லாமல் எட்டு விநாடிக்குள் அங்கே போய்விடுவதால் ஓட்டுபவருக்குத் தான் மிதித்ததே தெரிவதில்லை.

ஏசியோடு ஐடிலில் நின்றால் மணிக்கு ஒரு லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 17 மில்லி போகும். இப்போது 15 கிலோமீட்டர் அலுவலகப் பயணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு மணி நேரம் ஆகிறது. முப்பது முறை 40 வேகத்திலிருந்து நிற்கிறீர்கள்: 345 மில்லி. இருபது நிமிடம் ஐடில்: 340 மில்லி. டயர் உராய்வுக்கும் காற்றுக்கும்: 370. நகரும்போது ஏசிக்கு: 300. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கூடுதலாகப் போவது: 100. மொத்தம் 1455 மில்லி, மைலேஜ் 10.3.

இதே பயணத்தில் முன்னே பார்த்து ஓட்டி முப்பது நிறுத்தத்தை இருபதாக்கினால் 115 மில்லி மிச்சம், மைலேஜ் 11.2 ஆகிறது. அரை மணி முன்னதாகக் கிளம்பி ஐடிலில் பத்து நிமிடம் குறைந்தால் இன்னொரு 170 மில்லி, 12.8. மெதுவாக மிதிப்பதால் வரும் லாபம் இந்த இரண்டுக்கும் பக்கத்திலேயே வராது. மைலேஜ் போதவில்லை என்பவர் தன் காலைச் சந்தேகப்படுவதற்கு முன் கிளம்பும் நேரத்தைச் சந்தேகப்பட வேண்டும்.

ஊருக்குள் ஓட்டும் முறை

முட்டையை மிதிப்பது போல ஆக்சிலரேட்டரைத் தடவுவது டர்போ பெட்ரோலுக்கு ஒத்து வராது. இன்ஜின் மிகக் குறைந்த சுமையில் வேலை செய்யும்போது, காற்று வழியை அடைத்துத் திறக்கும் த்ராட்டில் வால்வைத் தாண்டிக் காற்றை இழுக்கவே பாடுபடுகிறது. 1600 ஆர்பிஎம்மிலேயே (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) முழு டார்க் கிடைப்பதால், 1500க்கும் 2500க்கும் நடுவில் ஓரளவு தைரியமாக, பெடலின் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை மிதித்து, வேண்டிய வேகத்தை எட்டி, உடனே காலைத் தளர்த்துங்கள். டிஎஸ்ஜி தானே மேல் கியருக்குப் போய்விடும். 50 வேகத்தை எட்டப் பதினைந்து விநாடி இழுத்துக்கொண்டு போவதால் பின்னால் வருபவரின் ஹாரன்தான் மிச்சம்.

மேனுவல் கியர் காரில் 2000 முதல் 2200க்குள் மாற்றலாம். மூன்றிலிருந்து நேராக ஐந்துக்குத் தாவினாலும் தவறில்லை. செய்யக் கூடாதது ஒன்று உண்டு: 1200 ஆர்பிஎம்மில் ஆறாவது கியரில் வைத்துக்கொண்டு முழுசாக மிதிப்பது. நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போவில் குறைந்த ஆர்பிஎம், அதிகச் சுமை சேர்ந்தால் பெட்ரோல் முன்கூட்டியே பற்றிக்கொள்ளும். பிஸ்டனை உடைக்கக்கூடிய தட்டல் அது. கியரைக் குறைத்துவிட்டு மிதியுங்கள். ஆயில் மாற்றும்போது ஏபிஐ எஸ்பி தரமா என்று டப்பாவில் பார்ப்பதும் இதற்காகத்தான். கையேட்டில் கம்பெனியின் தனித் தரம் குறிப்பிட்டிருந்தால் அதுவே முதல்.

சிக்னல் சிவப்பாகத் தெரிந்தால் தூரத்திலேயே காலை எடுத்துவிட்டுக் கியரிலேயே உருள விடுங்கள். ஆக்சிலரேட்டரில் கால் இல்லாமல், சுமார் 1300 ஆர்பிஎம்முக்கு மேல் கியரில் ஓடும்வரை இன்ஜெக்டர் ஒரு சொட்டுகூட விடாது. நியூட்ரலில் தள்ளினால் இன்ஜின் ஐடிலுக்கான பெட்ரோலைக் குடிக்கும். பழைய கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் அது. இன்று நஷ்டம், மலைப்பாதையில் ஆபத்தும்கூட.

நெரிசலில் டிஎஸ்ஜி ஓட்டுபவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. விர்ட்டஸ் ஜிடியில் இருப்பது உலர் கிளட்ச். பிரேக்கை அரைகுறையாகத் தொட்டுக்கொண்டு அரை மீட்டர், அரை மீட்டராக ஊர்ந்தால் கிளட்ச் வழுக்கிக்கொண்டே இருக்கும். பெட்ரோலும் போகும், கிளட்சும் சூடாகும். முன்னால் இரண்டு கார் இடைவெளி விழும்வரை பிரேக்கை நன்றாக அழுத்தி நில்லுங்கள். அழுத்தினால் கிளட்ச் முழுதாக விலகிவிடும். பிறகு காலை எடுத்துக் கொஞ்சம் மிதித்து, கிளட்ச் பூட்டிக்கொள்ளும் வேகத்துக்குப் போய், மறுபடி நில்லுங்கள். நடுவில் ஒரு ஆட்டோ நுழையும். நுழைந்துவிட்டுப் போகட்டும்.

கார் நின்றதும் இன்ஜினைத் தானே நிறுத்தி மறுபடி எழுப்பும் ஸ்டார்ட்-ஸ்டாப் வசதியைப் பலர் கிளம்பியதுமே பட்டனை அழுத்தி அணைத்துவிடுகிறார்கள். ஊர்ந்து போகும் நெரிசலில் அணைப்பது சரி. தொண்ணூறு விநாடி சிக்னலில் அதை ஓட விடுவது லாபம். பத்து விநாடிக்கு மேல் நின்றாலே மீண்டும் ஸ்டார்ட் ஆகும் செலவை ஈடுகட்டிவிடும். சென்னை மே மாத வெயிலில் கேபின் சூடானதும் தானே இன்ஜினை எழுப்பிவிடும் என்பதால் அப்போது அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். குளிர்ந்த மாலையிலும் அது வேலையே செய்யவில்லை என்றால் பேட்டரி தளர்ந்துவிட்டது என்பதற்கு முதல் அறிகுறி.

வெயிலில் நின்ற காரை எடுத்ததும் கண்ணாடிகளை இறக்கி ஒரு நிமிடம் ஓட்டிச் சூட்டை வெளியேற்றிவிட்டு ஏசி போடுங்கள். 24இல் வைத்தால் போதும். காலையில் ஐந்து நிமிடம் ஐடிலில் சூடேற்றுவது வேண்டாம். அரை நிமிடத்தில் கிளம்பி முதல் இரண்டு கிலோமீட்டர் 2500க்குள் ஓட்டுங்கள். அந்த இரண்டு கிலோமீட்டரும் 6, 7தான் கொடுக்கும், யார் ஓட்டினாலும். காய்கறிக் கடை, பள்ளிக்கூடம், ஜிம் என்று தனித்தனியாக எடுப்பதைவிட ஒரே சுற்றில் முடிப்பது நல்லது. டர்போவை ஆற வைக்க வீட்டு வாசலில் இரண்டு நிமிடம் இன்ஜினை ஓட விடும் வழக்கம், நெடுஞ்சாலையில் விரட்டிவிட்டு உடனே ஓரங்கட்டினால் மட்டும் அர்த்தமுள்ளது.

எஸ் (ஸ்போர்ட்) மோடு கியரை ஒன்றிரண்டு கீழேயே பிடித்து வைக்கும். வளைவான சாலைக்கு இனிமை. கிண்டி மேம்பாலத்துக்குத் தேவையில்லை.

நெடுஞ்சாலையில் எண்பதா, நூற்றிருபதா

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும். இந்த அளவு செடானுக்கு 80இல் சுமார் 200 நியூட்டன், 100இல் 320, 120இல் 460. டயர் உராய்வு எந்த வேகத்திலும் ஏறத்தாழ 145தான். வேகம் கூடும்போது இன்ஜின் சற்றுத் திறமையாக வேலை செய்வதால் பாதிப்பு கொஞ்சம் தணிகிறது. ஏசியோடு சமதளத்தில் 80இல் 20, 100இல் 17.5 முதல் 18, 120இல் 14.5 முதல் 15 என்று எதிர்பார்க்கலாம். முந்நூறு கிலோமீட்டருக்கு 100க்கும் 120க்கும் இடையே மூன்று லிட்டருக்கு மேல் வித்தியாசம். காகிதத்தில் மிச்சமாகும் அரை மணி நேரத்தில் பாதியை டோல்கேட்டும் விழுப்புரம் டீக்கடையும் எடுத்துக்கொள்ளும். நான்கு வழிச் சாலையில் காருக்கு மத்திய அரசு வகுத்த உச்ச வரம்பே 100தான். பல இடங்களில் அதைவிடக் குறைவு.

இந்த இன்ஜினில் சுமை குறையும்போது நடுவில் உள்ள இரண்டு சிலிண்டர்கள் நின்றுவிடும். இரண்டு சிலிண்டரில் ஓடுவதை மீட்டரே காட்டும். 80 முதல் 95 வரை, ஏழாவது கியரில், சமதளத்தில் அது அடிக்கடி வரும். அதைத் துரத்திக்கொண்டு மீட்டரையே பார்த்து ஓட்டாதீர்கள். வேகம் நிலைத்ததும் பெடலை ஒரு நூலளவு தளர்த்தினால் தானே வரும்.

குரூஸ் கன்ட்ரோல் சமதளத்தில் நல்ல துணை. ஆனால் உளுந்தூர்பேட்டை தாண்டி ஏறி இறங்கும் இடங்களிலும் மேம்பாலங்களிலும் வைத்த வேகத்தை விடாமல் பிடிக்க அது ஏற்றத்தில் கியரைக் குறைத்து மிதிக்கும். காலால் ஓட்டினால் ஏற்றத்தில் ஐந்து கிலோமீட்டர் வேகம் குறைய விட்டு, இறக்கத்தில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். லாரியை முந்தும்போது மட்டும் தயங்க வேண்டாம். கியரைக் குறைத்து, நன்றாக மிதித்து, சீக்கிரம் முடித்துவிடுங்கள். அந்த ஆறு விநாடிக்குக் கூடுதலாக 60, 70 மில்லி போனால் போகட்டும். அதற்குத்தானே இந்தக் காரை வாங்கியது.

மலையேறினால் ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் ஒன்றரை லிட்டர் கூடுதல் செலவாகும். ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி முடிக்கும்போது மீட்டர் 6 காட்டினால் பதற வேண்டாம். இறங்கும்போது இரண்டாவது, மூன்றாவது கியரில் பிடித்து வந்தால் பெட்ரோல் பெரும்பாலும் நின்றே இருக்கும், பிரேக்கும் பிழைக்கும்.

பெட்ரோல்: எவ்வளவு பழி போடலாம்

எத்தனால் ஒரு லிட்டரில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. அதனால் கலப்பில்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் ஈ20 6 முதல் 7 சதவீதம் குறைவு, ஈ10ஓடு ஒப்பிட்டால் 3 முதல் 4 சதவீதம். 2022இல் ஈ10 போட்டு 12.0 எடுத்த கார் இன்று 11.6 கொடுத்தால் அது எத்தனாலின் கணக்கு. 9.5 கொடுத்தால் எத்தனால் மட்டும் காரணமில்லை. வேறு ஏதோ இருக்கிறது. எல்லாவற்றையும் ஈ20 தலையில் கட்டிவிட்டு, ஜாம் ஆன பிரேக்கோடு மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். 2023 ஏப்ரலுக்கு முன் வந்த கார் என்றால் பெட்ரோல் மூடியின் உட்பக்க ஸ்டிக்கரில் எந்தக் கலவை வரை அனுமதி என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

விலை கூடிய 95 ஆக்டேன் பெட்ரோலில் ஆற்றல் கூடுதல் என்று நினைக்க வேண்டாம். ஆக்டேன் என்பது தட்டலைத் தாங்கும் திறன். கடும் வெயிலில், ஆள் நிறைந்த காரில், மலையேறும்போதோ விரட்டும்போதோ இன்ஜின் தட்டலுக்குப் பயந்து இக்னிஷனை, அதாவது தீப்பொறி விடும் நேரத்தை, பின்னுக்குத் தள்ளும். அங்கே உயர் ஆக்டேன் உதவும். நெரிசலில் இன்ஜினுக்கு அந்தப் பயமே இல்லை. விலை 8 சதவீதம் அதிகம் என்றால் மைலேஜும் 8 சதவீதம் கூடினால்தான் வரவுக்கும் செலவுக்கும் சரியாகும். ஊர் ஓட்டத்தில் அப்படிக் கூடுவதில்லை.

டயரும் காற்றும்

கம்பெனி சொன்ன காற்றளவு, ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணிலோ பெட்ரோல் மூடியின் உள்பக்கமோ ஒட்டியிருக்கும். அது குளிர்ந்த டயருக்கான அளவு. இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பங்க்கில் நிற்கும்போது டயரில் காற்று 3 முதல் 5 பிஎஸ்ஐ கூடியிருக்கும். '33 வைங்க' என்றதும் பையன் 37ஐ 33 ஆக்கிக் காற்றை இறக்கிவிடுவான். மறுநாள் காலை அது 29. மைலேஜ் குறைந்ததற்கு இந்த ஒன்றே காரணமாக இருந்த கார்கள் ஏராளம். சூடான டயரில் நிரப்ப நேர்ந்தால் ஸ்டிக்கர் அளவைவிட 4 கூட்டி வையுங்கள், மறுநாள் காலை சரிபாருங்கள். சின்ன ஏர் பம்ப் ஒன்றை டிக்கியில் வைத்துக்கொள்வது நல்லது. நைட்ரஜன் நிரப்பினால் மைலேஜ் கூடாது. அளவு இறங்குவது கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவே.

பெரிய வீல் போட்டவர்கள் கணக்கைத் திருத்த வேண்டும். விர்ட்டஸ் ஜிடியின் 205/55 ஆர்16 டயரின் விட்டம் 632 மில்லிமீட்டர். 215/50 ஆர்17 போட்டால் 647, அதாவது 2.4 சதவீதம் பெரிது. ஓடோமீட்டர் 400 காட்டும்போது நிஜமாக 409 கிலோமீட்டர் ஓடியிருப்பீர்கள். மைலேஜ் அந்த அளவுக்குக் குறைந்ததாகப் பொய் சொல்லும். 215/45 ஆர்17 என்றால் எதிர்ப்பக்கம் ஒரு சதவீதம். நூறு கிலோமீட்டராவது ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டு உங்கள் காருக்கான திருத்தத்தைக் கண்டுபிடித்துவிடுங்கள். அகல டயரின் கூடுதல் உராய்வும், கனத்த அலாயைச் சுழற்றும் செலவும் நிஜமான நஷ்டம். ஒரே அளவில்கூட, பிடிமானத்துக்கென்று வடிவமைத்த மென்மையான டயர் சாதாரண டயரைவிட அரை கிலோமீட்டர் முதல் ஒரு கிலோமீட்டர் வரை மைலேஜைக் குறைக்கலாம். புது டயர் முதல் ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் கூடுதல் உராய்வோடுதான் ஓடும். அந்தக் கணக்கைச் சேர்க்காதீர்கள்.

திடீரென்று குறைந்தால்

அதே பாதை, அதே நேரம், அதே சராசரி வேகம். ஆனால் மைலேஜ் 10 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. காற்றளவு சரி. அடுத்துப் பார்க்க வேண்டியது பிரேக். காலியான சாலையில் ஐந்து கிலோமீட்டர் முடிந்தவரை பிரேக் மிதிக்காமல் ஓட்டி, மெல்ல உருண்டு நிறுத்துங்கள். இறங்கி ஒவ்வொரு வீலுக்கும் அருகே புறங்கையைக் கொண்டு போங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்தக் காலிப்பர் (பிரேக் பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பகுதி) பிடித்துக்கொண்டிருக்கிறது. மழைக்காலத்துக்குப் பிறகு காலிப்பர் பின்னில் துருவும் சேறும் ஏறி இப்படி ஆவது சகஜம். சுத்தம் செய்து கிரீஸ் போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ஹேண்ட்பிரேக் கேபிள் இறுகிப் பின் வீல் சூடாவதும் உண்டு. பிறகு அலைன்மெண்ட்: நேர் சாலையில் ஸ்டீயரிங் கோணலாக நின்றாலோ, டயரின் உள் விளிம்பைக் கையால் தடவும்போது ஒரு திசையில் அரம் போல உறுத்தினாலோ டோ (சக்கரங்கள் உள்ளே, வெளியே திரும்பி நிற்கும் கோணம்) விலகியிருக்கிறது. பெரிய பள்ளத்தில் இறங்கிய வாரமே இதைப் பார்ப்பது நல்லது.

இதற்கு மேல் காரின் கணினி தரும் எண்களைப் போனுக்கு அனுப்பும் ஒரு புளூடூத் ஓபிடி கருவி வேண்டும். போனில் பார்க்க வேண்டியவை இரண்டு. கூலண்ட் வெப்பநிலை: சூடானபின் 90ஐ ஒட்டியோ மேலேயோ நிற்க வேண்டும். நெடுஞ்சாலையில் 75க்கு இறங்கினால் கூலண்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தே மாட்டிக்கொண்டிருக்கிறது. இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். இரண்டாவது, லாங் டெர்ம் ஃபியூயல் ட்ரிம்: வழக்கமான அளவைவிட எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ விடுகிறது என்ற எண். கூட்டல் கழித்தல் 5 வரை சரி. பெட்ரோலுக்குச் சரியான காற்று விகிதம் 14.7, ஈ20க்கு 13.5 அளவில் இருப்பதால், பழைய கலவைக்கு ட்யூன் செய்த காரில் சில புள்ளி கூடுதலாக நிற்பதும் இயல்பே. கூட்டல் 10ஐத் தாண்டினால் காற்றுக் குழாயில் கசிவு அல்லது சென்சார் அழுக்கு என்று தேட வேண்டும். டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் குழாயின் கிளாம்ப் தளர்ந்து, மிதிக்கும்போது 'உஸ்' என்று சத்தம் வந்தால் அதுவே.

ஸ்பார்க் பிளக்கைக் கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில் மாற்றிவிடுங்கள். அழுக்கான ஏர் ஃபில்டர் இந்தக் கார்களில் பவரைக் குறைக்குமே தவிர மைலேஜை அவ்வளவாகத் தொடாது. காற்று குறைந்தால் ஈசியு (இன்ஜினின் கணினி) பெட்ரோலையும் குறைத்துவிடும். அதே காரணத்தால் ஆயிரக்கணக்கில் செலவழித்துப் போடும் கோல்டு ஏர் இன்டேக்கும் மைலேஜ் தராது, சத்தம் தரும். பெட்ரோல் பைப்பில் மாட்டும் காந்தம், சிகரெட் சாக்கெட்டில் செருகும் 'மைலேஜ் பூஸ்டர்' இரண்டும் விற்பவருக்கு மட்டும் லாபம்.

ஸ்டேஜ் 1 ரீமேப், அதாவது ஈசியுவின் மென்பொருளை மாற்றிப் பவரைக் கூட்டுவது, செய்தால் மைலேஜும் கூடும் என்பார்கள். மெதுவாக ஓடும்போது ரீமேப்புக்கு முன்னும் பின்னும் இன்ஜின் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் எரிக்கிறது. குறைந்த ஆர்பிஎம்மில் டார்க் கூடுவதால் சிலர் மேல் கியரிலேயே ஓட்டிக் கொஞ்சம் லாபம் பார்க்கிறார்கள். பெரும்பாலோர் கூடிய பவரை எடுத்துப் பார்க்காமல் இருப்பதில்லை. வாரண்டி காலத்தில் செய்தால், ஈசியுவில் மாற்றிய தடத்தை டீலரின் கருவி கண்டுபிடித்துவிடும். இன்ஜினோ கியர்பாக்ஸோ போனால் பில் உங்கள் கைக்கு வரும். டிஎஸ்ஜியின் கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு மெக்கட்ரானிக் யூனிட்டின் விலைக்கு எத்தனை டேங்க் பெட்ரோல் அடிக்கலாம் என்று அப்போது கணக்குப் போட வேண்டியிருக்கும்.